கடைசியாக உடுத்தியிருந்தது…

பஸ் ஸ்டாண்டுத் தூணில் ஒட்டியிருக்கும் ‘காணவில்லை’ அறிவிப்பை ஒரு நிமிஷம் நின்று படித்துப் பாருங்கள். பெயர், வயது, மச்சம் எல்லாம் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து எழுதிவிடலாம். ஒரு வரியை மட்டும் வீட்டில் யாராவது உட்கார்ந்து யோசித்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்: காணாமல் போனபோது உடுத்தியிருந்த உடை. பச்சையா, நீலமா, போன தீபாவளிக்கு எடுத்ததா என்று அம்மா பீரோவைத் திறந்து, இருக்கிற துணிகளை எண்ணி, இல்லாததைக் கண்டுபிடித்துச் சொன்ன வரி அது.

அமெரிக்கப் போலீஸ் அறிவிப்புகளிலும் இதே வரி உண்டு. 1952இல் ஹிலரி வாஹ் என்பவர் அதன் முதல் பாதியை மட்டும் எடுத்துத் தன் நாவலுக்குப் பெயராக வைத்தார்: ‘லாஸ்ட் சீன் வேரிங்…’ கடைசியில் மூன்று புள்ளிகள். (ஹிலரி என்றதும் பெண் என்று நினைத்துவிட வேண்டாம், ஆண்தான். குடும்பப் பெயரை உள்ளபடி தமிழில் எழுதினால் யாரையோ ‘வா’ என்று கூப்பிடுவதுபோல இருப்பதால் ‘ஹ்’ சேர்த்திருக்கிறேன்.)

கதையைச் சொல்ல நாலு வரி போதும். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிரிஸ்டல் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். அங்கே பார்க்கர் என்ற மகளிர் கல்லூரி. முதலாண்டு மாணவி லோவல் மிட்செல், வயது 18. 1950 மார்ச் 3, வெள்ளிக்கிழமை மதியம், உடம்பு சரியில்லை என்று சாப்பிடப் போகாமல் விடுதி அறையில் தங்குகிறாள். அறைத்தோழி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஆள் இல்லை. பிறகு கடைசிப் பக்கம்வரை ஊர்ப் போலீஸ் தேடிக்கொண்டே இருக்கிறது.

இன்றைக்கு இதைக் கேட்டால் கொட்டாவிதான் வரும். சின்ன ஊர், காணாமல் போன பெண், சிடுசிடுக்கும் போலீஸ்காரர் என்று எந்த ஓடிடியைத் திறந்தாலும் வாசலிலேயே மூன்று தொடர் நிற்கிறது. ஆனால் 1952இல் துப்பறியும் கதையில் போலீஸ்காரருக்கு வேறு வேலை இருந்தது. தப்பான ஆளைக் கைது செய்வது, கெட்டிக்காரத் துப்பறிவாளரிடம் மூக்குடைபடுவது, கடைசி அத்தியாயத்தில் விலங்கை எடுத்துக்கொண்டு வருவது. ஹோம்ஸிடமும் பொய்ரோவிடமும் அவர் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்த மனிதரையே கதையின் நடு நாற்காலியில் உட்காரவைத்து, அவர் வேலை பார்ப்பதை மட்டுமே காட்டி ஒரு நாவலை முடிக்கலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? போலீஸே இல்லாத ஓர் இடத்திலிருந்து வந்தது என்பேன்.

1946 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. வெர்மான்ட் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள பென்னிங்டனில், 1932இல் தொடங்கிய மகளிர் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்த பவுலா வெல்டனுக்கும் 18 வயதுதான். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலையை முடித்துவிட்டு, உடை மாற்றிக்கொண்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். சிவப்பு மேல்கோட்டு, ஜீன்ஸ், ரப்பர் அடி வைத்த லேசான காலணி. சாலையில் கைகாட்டி ஒரு காரில் ஏறி, மலையடிவாரத்தில் இறங்கிக்கொண்டாள். அங்கிருந்து லாங் டிரெயில் பக்கம். மாசச்சூசெட்ஸ் எல்லையில் தொடங்கிக் கனடா எல்லைவரை, வெர்மான்ட்டின் மலைமுகடுகள் மேலேயே 272 மைல் போகும் நடைபாதை அது. எதிரே இறங்கி வந்தவர்களிடம் இந்தப் பாதை எதுவரை போகிறது என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவளைக் கண்டவர் இல்லை.

நூலகத்தில் படித்துக்கொண்டிருப்பாள் என்று அறைத்தோழி நினைத்திருக்கிறாள். தகவல் வெளியே போனது மறுநாள். அதற்குள் மலையில் பனி விழுந்துவிட்டது. கனெக்டிகட்டின் ஸ்டாம்ஃபோர்டிலிருந்து அப்பா ஓடிவந்தார். கல்லூரி வகுப்புகளை நிறுத்தி மாணவிகளும் ஆசிரியர்களும் கைகோத்துக் காட்டைச் சலித்தார்கள். ஊர்க்காரர்கள் வந்தார்கள், விமானம்கூடப் பறந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. அத்தனை பேரையும் ஒரு வரிசையில் நிறுத்த ஆள்தான் இல்லை.

ஏனென்றால் வெர்மான்ட் மாநிலத்துக்கென்று ஒரு காவல்துறை அப்போது கிடையாது. மாவட்டத்துக்கு ஒரு ஷெரிஃப், தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர். அவருக்குக் கீழே ஒருசில உதவியாளர்கள். மாடு திருட்டையும் சாராயச் சண்டையையும் தீர்த்து வைக்க அது போதும். யார் எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று எழுதிவைத்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒட்டிப் பார்த்து, நூறு பேரை விசாரித்துத் தொண்ணூற்றொன்பது பேரைக் கழிக்கிற வேலை அவர்களுக்குப் பழக்கமில்லை. கோபமடைந்த அப்பா ஆளுநரிடம் முறையிட்டார். கடைசியில் கனெக்டிகட்டிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் போலீஸ் வரவழைக்கப்பட்டது. பக்கத்து வீட்டில் காப்பிப்பொடி கடன் வாங்குவதுபோல, பக்கத்து மாநிலத்திடம் போலீஸைக் கடன் வாங்கினார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது தடம் ஆறிப்போயிருந்தது. அவள் கிடைக்கவில்லை. சடலமும் கிடைக்கவில்லை, காலணி ஒன்றுகூட.

மாநிலப் போலீஸ் வேண்டும் என்ற பேச்சு வெர்மான்ட்டில் அதற்கு முன்பே இருந்தது. தலைநகர் மான்ட்பீலியரில் இருப்பவன் எங்கள் ஊர் விஷயத்தில் தலையிடுவதா என்ற கிராமத்து வீம்பு அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. இந்த வழக்கில் பட்ட அவமானம் அந்த வீம்பைக் கரைத்தது. 1947 ஜூலையில் வெர்மான்ட் மாநிலக் காவல்துறை பிறந்தது. அதற்குத் தலைவராக வந்தவர் மெரிட் எட்சன், இரண்டாம் உலகப்போரில் குவாடல்கனால் தீவில் ஒரு மலைமுகட்டைக் காத்து நின்ற கடற்படைத் தரைப்படைத் தளபதி. அமெரிக்காவின் உச்ச வீரப்பதக்கம் பெற்றவர். ஒரு பெண்ணைத் தேடத் தெரியவில்லையே என்ற வெட்கம் எவ்வளவு பெரிதாக இருந்திருந்தால் இப்படி ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்திருப்பார்கள்!

வெல்டன் வழக்கின் சாயலில்தான் வாஹ் தன் நாவலை எழுதினார் என்று மர்மக்கதை வாசகர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மகளிர் கல்லூரி, பதினெட்டு வயது, தடயமில்லாமல் மறைந்த பகல் என்று ஒற்றுமைகள் கண்ணில் படுகின்றன. அதே சமயம் நியூ இங்கிலாந்துக்கு இது முதல் சம்பவமும் அல்ல. 1928இல் மாசச்சூசெட்ஸின் ஸ்மித் கல்லூரியில் முதலாண்டு மாணவி ஒருத்தி காணாமல் போய், ஓராண்டுக்கு மேல் கழித்து கனெக்டிகட் ஆற்றில் பிணமாகக் கிடைத்திருக்கிறாள். கல்லூரிக்கு மகளை அனுப்பிய அந்தப் பக்கத்துப் பெற்றோர் எல்லோருக்கும் இந்தப் பயம் அடிமனதில் இருந்தது. வாஹ் வளர்ந்த மாநிலமும் அதே கனெக்டிகட்தான்.

அவர் 1920இல் நியூ ஹேவனில் பிறந்தவர். 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம். போர் வந்ததும் கடற்படை விமானி. பனாமாவில் பணி, நிறைய ஓய்வு நேரம். பொழுது போகாமல் எழுதத் தொடங்கிய கதை 1947இல் முதல் நாவலாக வெளிவந்தது. அதையும் அடுத்து வந்தவற்றையும் இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை, படிக்க வேண்டியதும் இல்லை. ஷெரிடன் வெஸ்லி என்று ஒரு தனியார் துப்பறிவாளர், கையில் கோப்பை, வாயில் நக்கல் பேச்சு. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் தெருவுக்கு நாலு பேர் எழுதிய சரக்கு. மூன்று நாவல்கள் எழுதியதும் அவருக்கே அலுத்திருக்க வேண்டும்.

அப்போது அவர் கையில் கிடைத்த புத்தகம் சார்லஸ் போஸ்வெல் எழுதிய ‘தே ஆல் டைட் யங்’. கொலையுண்ட இளம்பெண்களைப் பற்றிய உண்மை வழக்குகளின் தொகுப்பு. வர்ணனை கிடையாது, சஸ்பென்ஸ் என்று எதையும் ஒளித்து வைக்கவும் இல்லை. இன்ன தேதி, இன்ன மணி, இன்னார் பார்த்தார், இன்ன இடத்தில் இன்னது கிடந்தது. படித்து முடித்தபோது தான் எழுதிய எந்தக் கதையும் தராத நடுக்கம் அந்த வறண்ட வாக்கியங்களில் இருந்ததை வாஹ் கண்டுகொண்டார். கற்பனைக் கதையை இதே தொனியில், நடந்த வழக்கை எழுதுவதுபோல எழுதினால் என்ன? இதைப் பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

கேட்க எளிது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதில் உள்ள கஷ்டம் தெரியும். பேய்க்கதையில் பேயைக் கழற்றிவிட்டு வெறும் வீட்டை மட்டும் வைத்துப் பயமுறுத்துகிற வேலை அது.

முதலில், பார்வையைப் போலீஸிடமே வைத்துக்கொண்டார். ஸ்டேஷனுக்குத் தெரிந்தது வாசகருக்குத் தெரியும், தெரியாதது தெரியாது. குற்றவாளியின் மனதுக்குள் ஒரு வாக்கியம்கூடப் போவதில்லை. அடுத்தது நாட்கணக்கு. கதை தேதி போட்டு நகர்கிறது, அதுவும் வழக்கு டைரியின் வேகத்தில். எதுவும் நடக்காத நாட்களும் அதில் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது: பொய்த்தடங்கள். பழைய துப்பறியும் கதையில் பொய்த்தடம் என்பது ஆசிரியர் நமக்கு வைக்கும் பொறி. அவர் மறைவில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். வாஹின் நாவலில் யாரும் சிரிப்பதில்லை. கல்லூரிக் குளத்தில் தேடுகிறார்கள், ஒன்றும் இல்லை. இன்ன ஊரில் பார்த்தோம் என்று தகவல் வருகிறது, போய்ப் பார்த்தால் வேறு பெண். அவளோடு பழகிய பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் வேறெங்கோ இருந்திருக்கிறார்கள். வீணாய்ப் போன இந்த ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம், பெட்ரோல், பத்திரிகைக்காரர்களின் ஏச்சு, அப்பா அம்மாவின் முகம் என்று விலை உண்டு. தப்பான கதவுகளைத் தட்டித் தட்டித்தான் சரியான கதவு மிஞ்சுகிறது என்பதை இவ்வளவு பொறுமையாக அதற்குமுன் யாரும் கதையாக்கியதாக எனக்குத் தெரியவில்லை. வெர்மான்ட்டில் நடக்காமல் போனது இதுதான். அந்த ஷெரிஃபின் நாற்காலியில் தட்டத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதிப் பார்த்ததைப்போல் இருக்கிறது இந்த நாவல்.

உட்கார்ந்தவர் பெயர் ஃபிராங்க் ஃபோர்ட், பிரிஸ்டலின் போலீஸ் தலைவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர், அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தவர். கோபம் மூக்குநுனியில். உதவிக்கு சார்ஜென்ட் கேமரன், பட்டதாரி. அந்தப் படிப்பைச் சொல்லிச் சொல்லியே அவனை ஃபோர்ட் வாருகிறார். அவனும் மரியாதை குறையாமல் திருப்பிக் கொடுக்கிறான். இந்த வாய்ச்சண்டைதான் புத்தகத்தின் ஒரே நகைச்சுவை, அதுவும் சரியான அளவில். தன் ஊரில் இருந்தும் தனக்குச் சம்பந்தமில்லாத பணக்கார வீட்டுப் பெண்களின் கல்லூரிக்குள் இந்த மனிதர் நுழைந்து, கல்லூரித் தலைவியின் முன்னால் உட்கார்ந்து, உங்கள் பெண்களுக்குப் பையன்கள் சகவாசம் எப்படி என்று கேட்க வேண்டியிருக்கிறது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்கிற அந்தக் காட்சிகளில் ஓர் ஊரின் மேடும் பள்ளமும் தெரிந்துவிடுகிறது.

பிறகு லோவலின் டைரி. அவள் கொஞ்சமாக எழுதிவைத்த அந்த டைரியை ஃபோர்டும் கேமரனும் படிக்கிறார்கள், மறுபடி படிக்கிறார்கள், ஒவ்வொரு பெயரையும் வடிகட்டுகிறார்கள். நாமும் அதே வரிகளைப் படிக்கிறோம். விடை அதற்குள்ளேயே இருக்கிறது, முதல் வாசிப்பில் கண்ணில் படாது. அது என்ன என்று சொல்லி உங்கள் இரவைக் கெடுக்க மாட்டேன். பூதக்கண்ணாடி, மூளைச் செல்கள் எதுவும் வேண்டாம், ஒரே காகிதத்தைப் பத்தாவது தடவையும் படிக்கிற அலுப்புத்தான் துப்பறிதல் என்று காட்டிய பக்கங்கள் அவை.

குறை இல்லாமலில்லை. ஃபோர்டுக்கு ஒரே சூத்திரம்தான்: பெண் காணோம் என்றால் பின்னால் ஓர் ஆணைத் தேடு. லோவலைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் ஆண்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொள்வதும் அவள் விட்டுப்போன பொருள்களும்தான். 1950ஆம் வருஷத்துப் போலீஸ் அறைப் பேச்சு சில இடங்களில் இன்றைக்குக் காதில் கீறுகிறது. எல்லோரும் அவளைத் தேடுகிறார்கள், ஆனால் அவள் யாரென்று புத்தகத்துக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள விரும்பிய எழுத்தாளர் பென்னிங்டனிலேயே இருந்தார். ‘தி லாட்டரி’ சிறுகதையால் 1948இல் அமெரிக்காவையே அலறவைத்த ஷெர்லி ஜாக்சன். அவர் கணவர் ஸ்டான்லி எட்கர் ஹைமன் அதே பென்னிங்டன் கல்லூரியில் ஆசிரியர், குடியிருப்பு பக்கத்து வடக்கு பென்னிங்டனில். 1951இல் வந்த ஜாக்சனின் ‘ஹேங்ஸமன்’ நாவலில் கல்லூரிப் பெண் ஒருத்தி மெல்ல மெல்லத் தன்னிடமிருந்தே தொலைந்து போகிறாள். 1957இல் ‘தி மிஸ்ஸிங் கேர்ள்’ என்ற சிறுகதை. கோடைகால முகாமில் ஒரு பெண் காணாமல் போகிறாள், போலீஸ் விசாரிக்க விசாரிக்க அவளைச் சரியாக நினைவு வைத்திருப்பவர் யாருமில்லை என்று தெரிகிறது, அப்படி ஒருத்தி இருந்தாளா என்பதே சந்தேகமாகிவிடுகிறது. இரண்டையும் வெல்டன் வழக்கின் நிழலாகவே விமர்சகர்கள் படிக்கிறார்கள். வாஹ் ஒரே மறைவிலிருந்து எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைக்கும் ஊரைக் கட்டினார். ஜாக்சனின் ஊரில் கேள்வி கேட்கவே யாருக்கும் மனமில்லை. வெர்மான்ட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் ஜாக்சன்தான், அதையும் சொல்லவேண்டும். (1992இல் ஒருவர் அந்தக் காட்டுப் பகுதிக்கு ‘பென்னிங்டன் முக்கோணம்’ என்று பெயர் சூட்டி, பேய் பிசாசெல்லாம் சேர்த்துவிட்டார். அந்தச் சமாச்சாரத்துக்குள் நான் போகவில்லை.)

போலீஸ் நாவல் என்ற வகையையே வாஹ்தான் தொடங்கினார் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். லாரன்ஸ் டிரீட்டின் ‘வி ஆஸ் இன் விக்டிம்’ 1945இலேயே வந்துவிட்டது. 1949 ஜூனில் ஜாக் வெப்பின் ‘டிராக்நெட்’ வானொலித் தொடர் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸின் அன்றாடத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது. எட் மெக்பெய்னின் ‘காப் ஹேட்டர்’ 1956இல் வந்து கடை விரித்தது. ஆனால் இவை எல்லாமே மாநகரக் கதைகள். தடயவியல் கூடம், பெரிய படை, ரேடியோ கார்கள். பத்துப் பேர் மட்டும் உள்ள ஊர் ஸ்டேஷன், தலைவரை எல்லோருக்கும் பெயர் சொல்லித் தெரியும், விசாரிக்கப்படுகிறவர் நாளைக்குக் கடைத்தெருவில் எதிரே வருவார் என்ற சூழலை முதலில் ஒழுங்காக எழுதியவர் வாஹ். அந்தப் பெருமையை யாரும் பிடுங்க முடியாது.

அவருக்கே அது பிடித்துப்போயிற்று. 1959 முதல் கனெக்டிகட்டின் ஸ்டாக்ஃபோர்ட் என்ற கற்பனை ஊரையும் ஃபிரெட் ஃபெலோஸ் என்ற போலீஸ் தலைவரையும் வைத்துப் பதினொரு நாவல்கள் எழுதினார். ஃபெலோஸ் நல்லவர், பொறுமைசாலி. எனக்கென்னவோ சிடுமூஞ்சி ஃபோர்ட்தான் பிடிக்கிறது. 1970களின் தொடக்கத்தில் கில்ஃபோர்ட் என்ற நிஜ ஊரில் வாஹ் தேர்தலில் நின்று ஊர்த்தலைவராகவும் இருந்தார். சிற்றூரைப் பற்றி இவ்வளவு எழுதியவரைச் சிற்றூர் விட்டுவிடுமா? 1976இல் இங்கிலாந்தில் காலின் டெக்ஸ்டர் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் துப்பறியும் தன் இரண்டாவது நாவலுக்கு அதே தலைப்பை வைத்தார். அதுவும் காணாமல் போன பள்ளிப்பெண் ஒருத்தியின் கதை. மூன்று புள்ளிகளை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. 1990இல் பிரிட்டிஷ் குற்ற எழுத்தாளர் சங்கம் எல்லாக் காலத்துக்குமான சிறந்த நூறு குற்ற நாவல்களைத் தேர்ந்தெடுத்தபோது வாஹின் புத்தகம் பன்னிரண்டாம் இடத்தில் இருந்தது. அமெரிக்க மர்ம எழுத்தாளர்கள் 1989இல் அவரை கிராண்ட் மாஸ்டராக்கியிருந்தார்கள். 2008 டிசம்பரில் இறந்தார்.

வெல்டன் வழக்கு இன்றுவரை துலங்கவில்லை. லாங் டிரெயிலில் ஆண்டுதோறும் ஆட்கள் நடக்கிறார்கள். டிசம்பர் தொடக்கத்தில் அங்கே மாலை நாலரைக்குள் சூரியன் இறங்கிவிடும். அவள் கல்லூரியை விட்டுக் கிளம்பியபோது மணி கிட்டத்தட்ட மூன்று. மாற்றுத்துணி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியாக உடுத்தியிருந்தது: சிவப்பு மேல்கோட்டு, ஜீன்ஸ், ரப்பர் அடி வைத்த லேசான காலணி.